தீப்பெட்டியை எடுத்துக் கிண்ணத்தில் போட ஒரு ரோபோ கையைப் பழக்குவது எப்படி?

எஸ்ஓ-101 ரோபோ கை ஒரு ஜோடி, வெப்கேம் இரண்டு, என்விடியா ஜிபியு உள்ள கம்ப்யூட்டர் ஒன்று. இவ்வளவு இருந்தால், மேஜையில் கிடக்கும் காலித் தீப்பெட்டியை எடுத்துக் கிண்ணத்தில் போட ஒரு ஜெனரேட்டிவ் ஏஐ மாடலைப் பழக்கிவிடலாம். "இந்த மூட்டை இத்தனை டிகிரி திருப்பு" என்று ஒரு வரி கூட எழுத வேண்டாம். நாம் கையால் ஓட்டிச் செய்துகாட்ட வேண்டும்; அந்தப் பதிவுகளிலிருந்து மாடல் கற்றுக்கொள்ளும்.

ஆரம்பிப்பவர்கள் பலர் "எந்த மாடல் நல்லது" என்ற கேள்வியிலேயே தேங்கி நிற்கிறார்கள். தோல்விக்கான காரணம் அங்கே இருப்பது அபூர்வம். கேமரா ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும், செய்துகாட்டியவர் பாதியில் யோசித்து நின்றிருப்பார், ஜன்னல் வெளிச்சம் மாறியிருக்கும். அதனால் இங்கே மாடல்களைவிட, டேட்டா எடுக்கும் முறைக்குத்தான் அதிக இடம்.

இதற்கு ஏன் ஜெனரேட்டிவ் மாடல்?

மாடலுக்கு உள்ளே போவது இரண்டு: கேமரா படங்கள், ஆறு மூட்டுகளும் இப்போது இருக்கும் நிலை. வெளியே வருவது அடுத்த சில விநாடிகளுக்கு ஆறு மூட்டுகளும் எங்கெங்கே போக வேண்டும் என்ற எண் வரிசை. கேட்க எளிதாக இருக்கிறது, சாதாரண நியூரல் நெட்வொர்க் போதுமே என்று தோன்றும். சிக்கல் இதுதான்: வழியில் ஒரு டப்பா இருக்கிறது என்று வையுங்கள். ஒருமுறை அதற்கு இடப்பக்கமாகச் சுற்றிப் போய்த் தீப்பெட்டியை எடுத்தீர்கள், மறுமுறை வலப்பக்கமாகப் போனீர்கள். இரண்டுமே சரி. சராசரி எடுக்கும் மாடல் இரண்டுக்கும் நடுவே போகும், நேராக டப்பாவில் இடிக்கும்.

ஜெனரேட்டிவ் மாடல் சராசரி எடுக்காது. சாத்தியமான பாதைகளில் ஒன்றை முழுசாக உருவாக்கித் தரும். 2023-இல் டோனி ஜாவ், செர்கே லெவின், செல்சி ஃபின் முதலியோர் அலோஹா என்ற இரு கை ரோபோவோடு வெளியிட்ட ஏசிடி என்ற மாடல், இதை விஏஇ என்ற வகையால் (டேட்டாவின் சாரத்தைச் சுருக்கி, அதிலிருந்து புதியதை உருவாக்கும் வகை) செய்கிறது. அதே ஆண்டு செங் சீ குழுவினர் கொண்டுவந்த டிஃப்யூஷன் பாலிசி, படம் வரையும் ஏஐ போலவே இரைச்சலில் தொடங்கிப் படிப்படியாக ஒரு பாதையைத் துலக்கி எடுக்கிறது. 2024-இல் வந்த பை-ஸீரோ, 2025-இல் வந்த ஸ்மோல்விஎல்ஏ என்ற மாடல்கள், இரைச்சலிலிருந்து பாதைக்கு ஏறக்குறைய நேராக நகரும் ஃப்ளோ மேச்சிங் முறையில் அதே வேலையைக் குறைந்த படிகளில் முடிக்கின்றன. ஆர்டி-2, ஓப்பன்விஎல்ஏ போன்ற மாடல்கள் வேறு வழி: ஒவ்வோர் அசைவையும் 256 கட்டங்களாகப் பிரித்து, மொழி மாடல் சொல்லை ஊகிப்பதுபோல ஒவ்வொரு கட்டமாக ஊகிக்கின்றன.

ஏசிடியின் இன்னொரு முக்கியக் கருத்து, ஒரு நேரத்தில் ஓர் அசைவை மட்டும் ஊகிக்காமல் 100 அசைவுகளை ஒரே கற்றையாக ஊகிப்பது. ஒவ்வோர் ஊகத்திலும் சிறு பிழை இருக்கும். அந்தப் பிழையால் கை செய்துகாட்டாத ஓர் இடத்துக்கு நகரும், அங்கிருந்து செய்யும் ஊகம் இன்னும் மோசமாகும். ஊகிக்கும் தடவைகளைக் குறைத்தால் பிழை இப்படிச் சேர்ந்துகொண்டே போவதும் குறைகிறது.

என்னென்ன வாங்க வேண்டும்?

எஸ்ஓ-101 என்பது தி ரோபாட் ஸ்டூடியோவும், ஏஐ மாடல்களைப் பகிரும் தளமான ஹக்கிங் ஃபேஸும் சேர்ந்து வெளியிட்ட திறந்த வடிவமைப்பு. இரண்டு கைகள்: நாம் பிடித்து அசைப்பது லீடர், அதைப் பார்த்து அசைவது ஃபாலோயர். பாகங்களை 3டி பிரிண்டரில் எடுத்துக்கொள்ளலாம். பிஎல்ஏ பிளஸ் பிளாஸ்டிக், 0.4 மி.மீ. நாசில், 0.2 மி.மீ. அடுக்கு, 15 சதவீத இன்ஃபில் (உள்நிரப்பல்) போதும்.

மோட்டார்கள் ஃபீடெக் எஸ்டிஎஸ்3215 வகை, மொத்தம் 12. ஆர்டர் போடும்போதே பல் விகிதத்தை (கியர் ரேஷியோ) கவனியுங்கள். ஃபாலோயருக்கு ஆறும் 1:345, அதாவது சி001 என்ற குறியீடு. லீடருக்கு அப்படியில்லை: தோளைத் தூக்கும் மூட்டுக்கு 1:345 ஒன்று, அடியில் திரும்பும் மூட்டுக்கும் முழங்கைக்கும் 1:191 இரண்டு (சி044), மணிக்கட்டின் இரு மூட்டுக்கும் பிடிப்பானுக்கும் 1:147 மூன்று (சி046). ஆக சி001 ஏழு, சி044 இரண்டு, சி046 மூன்று. எல்லாம் ஒரே மாதிரி தெரியும் என்பதால் பெட்டியிலிருந்து எடுத்ததும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். லீடரில் 1:345 மோட்டாரை மணிக்கட்டில் பூட்டினால் அது கையில் கல்லாட்டம் இறுகும். செய்துகாட்டும் அசைவெல்லாம் வெட்டி வெட்டி வரும்.

ஃபாலோயருக்கு 7.4 வோல்ட் மோட்டாரும் உண்டு, 12 வோல்ட் மோட்டாரும் உண்டு. முதல் வகையின் உச்சத் திருப்பு விசை 16.5 கிலோ-செ.மீ., இரண்டாவது வகை 30 கிலோ-செ.மீ. தீப்பெட்டிக்கு முதல் வகையே தாராளம், அதற்கு 5 வோல்ட் அடாப்டர். 12 வோல்ட் வகை வாங்கினால் லீடர் மட்டும் 7.4 வோல்ட்டிலேயே இருக்கும். இரண்டு அடாப்டரின் முனையும் ஒரே அளவாக இருந்தால் மாற்றிச் செருகிவிடும் ஆபத்து உண்டு. 12 வோல்ட்டை லீடரில் செருகினால் மோட்டார்கள் கருகும். அடாப்டர் முனைகளில் வேறுவேறு நிற இன்சுலேஷன் டேப் சுற்றி வையுங்கள்.

இவை தவிர ஒவ்வொரு ரோபோ கைக்கும் ஒரு சர்வோ கன்ட்ரோலர் போர்டு, யுஎஸ்பி கேபிள் இரண்டு, மேஜையில் இறுக்க கிளாம்ப் நான்கு. கிண்ணம் மேட் நிற பிளாஸ்டிக்காக இருக்கட்டும். எவர்சில்வர் கிண்ணம் வேண்டாம். அதில் கையும் விளக்கும் பிரதிபலித்து ஒவ்வொரு பதிவிலும் வேறு தோற்றம் தரும். தீப்பெட்டியைத் தேர்ந்ததற்கும் காரணம் இருக்கிறது: உருளாது, லேசானது, அதிகம் அழுத்தினால் நசுங்கிக் காட்டிக்கொடுக்கும்.

மோட்டாருக்கு எண், பிறகு காலிபரேஷன்

கடையிலிருந்து வரும் எல்லா மோட்டாருக்கும் எண் 1. இரண்டை ஒரே கம்பியில் கோத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும், கம்ப்யூட்டருக்கு ஒன்றும் புரியாது. ஆகவே கையைப் பூட்டுவதற்கு முன்பே, ஒரு நேரத்தில் ஒரே மோட்டாரை மட்டும் போர்டில் செருகி எண் கொடுக்க வேண்டும். கையை இயக்க, பதிவு எடுக்க, மாடலைப் பழக்க ஹக்கிங் ஃபேஸ் தரும் லெரோபாட் மென்பொருளில் இதற்கென்று ஒரு கட்டளை இருக்கிறது. பிடிப்பானில் தொடங்கி 6, 5, 4 என்று இறங்கி அடி மூட்டுக்கு 1 வரை அதுவே கேட்டுக்கேட்டுக் கொடுக்கும், தொடர்பு வேகத்தையும் 10 லட்சம் பாட் (விநாடிக்கு 10 லட்சம் பிட்) என்று எழுதிவிடும்.

எண் கொடுத்த பிறகும் "மோட்டார் கிடைக்கவில்லை" என்று வந்தால் பத்தில் ஒன்பது முறை காரணம் மூன்று முனைக் கேபிள். கிளிக் என்று உட்காரும் வரை அழுத்துங்கள். மோட்டார்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருப்பதால், 3-ஆம் மோட்டாரோடு அதற்கு அப்பால் உள்ளவையும் காணாமல் போனால் பழுது 2-க்கும் 3-க்கும் இடையே. லினக்ஸில் போர்ட்டே திறக்காவிட்டால், உங்கள் பயனர் கணக்கை, போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்க்க வேண்டும்.

காலிபரேஷனில், அதாவது ஒவ்வொரு மூட்டின் எல்லைகளையும் மென்பொருளுக்குக் காட்டும் வேலையில், முதலில் எல்லா மூட்டையும் அதனதன் நகர்வின் நடுவில் நிறுத்தி என்டர் தட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு மூட்டையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக அசைக்க வேண்டும். நடுவில் நிறுத்துவதை அலட்சியப்படுத்தாதீர்கள். மோட்டாரின் உள்ளே இருக்கும் காந்த என்கோடர் (கோணத்தை அளக்கும் உணரி) ஒரு சுற்றை 4096 பங்காக எண்ணுகிறது. நடு தப்பாக இருந்தால் நகர்வின் பாதியில் எண் 4095-லிருந்து 0-க்குத் தாவும், கை திடீரென எதிர்ப்பக்கம் வீசும்.

காலிபரேஷன் ஃபைலைத் தனியாகப் பிரதி எடுத்து வையுங்கள். மாடல் கற்கும் எண்கள் எல்லாம் அந்த ஃபைலைச் சார்ந்தவை. பின்னால் ஒரு மோட்டாரைக் கழற்றிப் பல்லை மாற்றிப் பூட்டினால் பழைய டேட்டாவும் பழைய மாடலும் அந்தக் கைக்குப் பொருந்தாது.

முடிவாக, லீடரைப் பிடித்து ஐந்து நிமிடம் சும்மா ஓட்டிப் பாருங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: புரோகிராம் நின்றால் மோட்டார்களின் விசை அறுந்து ஃபாலோயர் தொப்பென்று விழும். நிறுத்தும் முன் கையை மடக்கி மேஜையில் படுக்கவைத்துவிடுங்கள்.

கேமரா

ஒன்று மேஜை முழுவதையும் மேலிருந்து சாய்வாகப் பார்க்கட்டும், மற்றொன்று ஃபாலோயரின் மணிக்கட்டில் பிடிப்பானின் நுனியைப் பார்க்கட்டும். 640×480, விநாடிக்கு 30 படம். இதைவிடத் தெளிவு தேவையில்லை. மணிக்கட்டுக் கேமராவை விட்டுவிடலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம்; மேல் கேமராவுக்குப் பிடிப்பான் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பது சரியாகத் தெரியாது, கடைசி இரண்டு செ.மீ.க்கு மணிக்கட்டுக் கேமராதான் கண்.

இடம் சரியா என்று பார்க்க ஒரு நம்பகமான சோதனை இருக்கிறது. ரோபோவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, திரையில் தெரியும் இரண்டு படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு லீடரால் தீப்பெட்டியை எடுத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் மாடலாலும் முடியாது. கேமராவை மாற்றி வைத்து மறுபடி பாருங்கள். இந்தச் சோதனை தேறாமல் ஒரு பதிவு கூட எடுக்காதீர்கள்.

தானியங்கி எக்ஸ்போஷர் (ஒளி படும் நேரம்), வைட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் அணைத்து ஒரே மதிப்பில் பூட்டுங்கள். கை படத்துக்குள் வரும்போது தானியங்கி கேமரா வெளிச்சத்தை மாற்றும், தீப்பெட்டியின் நிறமே மாறிப் பதிவாகும். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல வெப்கேம்கள் 60 ஹெர்ட்ஸ் அமைப்போடு வருகின்றன. அதை மாற்றாவிட்டால் டியூப் லைட் வெளிச்சத்தில் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். எக்ஸ்போஷரைக் கையால் வைப்பதென்றால் 10 அல்லது 20 மில்லிவிநாடி வையுங்கள். ஜன்னலுக்குத் திரை போடுங்கள்.

இரண்டு கேமராவையும் ஒரே யுஎஸ்பி ஹப்பில் செருகினால் படங்கள் விட்டுவிட்டு வரும். தனித்தனிப் போர்ட்டில் செருகி, எம்ஜேபெக் என்ற சுருக்கிய பட முறையில் எடுங்கள். இன்னொரு பொறி: கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் கேமரா எண்கள் இடம் மாறலாம். 0 மணிக்கட்டாகவும் 2 மேல் கேமராவாகவும் மாறிவிட்டால், நேற்று ஒழுங்காக ஓடிய மாடல் இன்று கண்டபடி கையை வீசும். ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன் இரண்டு படத்தையும் கண்ணால் பார்த்துச் சரிபாருங்கள்.

செய்துகாட்டுதல்

முதல் டேட்டா 50 பதிவுகள். மேஜையில் தீப்பெட்டிக்கு ஐந்து இடங்களை டேப்பால் குறித்து, ஒவ்வோர் இடத்திலும் 10 முறை. ஸ்மோல்விஎல்ஏ குழுவினர் தரும் பரிந்துரையும் இதேதான். அவர்கள் 25 பதிவோடு முயன்றபோது போதவில்லை. ஒவ்வொரு பதிவும் 12 விநாடி என்றால் 50 பதிவுக்கு 18,000 படச் சட்டங்கள் வரும். டேப் கேமராவில் தெரியக்கூடாது, தெரிந்தால் மாடல் டேப்பை அடையாளமாகக் கற்றுக்கொள்ளலாம். மேஜை நிறத்திலேயே சிறு துண்டாக ஒட்டுங்கள், அல்லது தீப்பெட்டிக்கு அடியில் மறையும் அளவுக்கு வெட்டுங்கள்.

இனி நேர்த்தியாகச் செய்ய வேண்டியவை. முதலாவது, பிடிப்பு. பதிவில் "செயல்" என்று எழுதப்படுவது லீடரின் நிலை, "நிலவரம்" என்று எழுதப்படுவது ஃபாலோயரின் நிலை. தீப்பெட்டியைப் பிடித்ததும் ஃபாலோயரின் விரல்கள் பெட்டியில் முட்டி நின்றுவிடும், ஆனால் லீடரை நீங்கள் இன்னும் கொஞ்சம் மூட முடியும். அந்த வித்தியாசம்தான் மாடலுக்குத் தெரியும் ஒரே விசைத் தகவல். லீடரைப் பெட்டியின் அகலத்தோடு நிறுத்திவிட்டால், மாடல் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும், தூக்கும்போது நழுவும். ஆகவே தொட்டதற்குப் பிறகும் லீடரை ஒரு சிட்டிகை அதிகமாக மூடி, கிண்ணத்தின் மேல் போகும்வரை அப்படியே வைத்திருங்கள். 50 பதிவிலும் ஏறக்குறைய அதே அழுத்தம் இருக்கட்டும்.

இரண்டாவது, நிற்காதீர்கள். பெட்டிக்கு மேலே போய், சரியாக இருக்கிறதா என்று ஒரு விநாடி நின்று பார்ப்பது மனித இயல்பு. பதிவில் அது 30 சட்டங்கள்: படம் மாறவில்லை, கையும் மாறவில்லை, செயலும் "அப்படியே இரு". மாடல் அதை உண்மையாகவே கற்று, பெட்டிக்கு மேலே வந்ததும் உறைந்து நிற்கும். அப்படி நின்றால் படம் மாறாது, படம் மாறாததால் மறுபடி நிற்கும். மெதுவாக ஆனால் தொடர்ச்சியாக அசையப் பழகிக்கொண்ட பிறகே பதிவைத் தொடங்குங்கள். 20 முறை ஒத்திகை பார்ப்பது வீணில்லை.

மூன்றாவது, முதல் 50-இல் ஒரே பாணி. எப்போதும் மேலிருந்து இறங்குங்கள், எப்போதும் பெட்டியின் நீளப்பக்கத்தைப் பிடியுங்கள், எப்போதும் ஒரே ஆளே செய்யுங்கள். ஜெனரேட்டிவ் மாடலுக்கு இரண்டு பாணியையும் தாங்கும் திறன் உண்டு என்று மேலே சொன்னோம், உண்மைதான். ஆனால் 50 பதிவை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 25 தான் மிஞ்சும்.

உங்கள் கை, சட்டைக் கை, நிழல் எதுவும் படத்தில் விழக்கூடாது. விழுந்தால், மனிதக் கை தெரியும்போது மட்டும் வேலை செய்யும் மாடல் கிடைக்கும். கைதவறிய பதிவை உடனே இடது அம்புக்குறியைத் தட்டி அழித்து மறுபடி எடுங்கள். நன்றாக முடிந்தால் நேரம் தீரும்வரை காத்திராமல் வலது அம்புக்குறியைத் தட்டுங்கள். பதிவின் வாலில் சும்மா நிற்கும் சட்டங்களும் மேலே சொன்ன உறைதல் நோயைத்தான் தரும்.

எல்லாம் முடிந்ததும் 50 வீடியோவையும் உட்கார்ந்து பாருங்கள். அலுப்பான வேலை. ஆனால் கேமரா எந்தப் பதிவில் அசைந்தது, எதில் விளக்கு மின்னியது என்பதெல்லாம் இங்கே மட்டும்தான் பிடிபடும்.

பழக்குதல்

முதலில் ஏசிடி. சுமார் 8 கோடி பாராமீட்டர் (பழகும்போது மாறும் எண்கள்) கொண்ட சின்ன மாடல். அதை உருவாக்கியவர்களே 11 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ அட்டையில் ஏறத்தாழ 5 மணி நேரத்தில் பழக்கினார்கள். லெரோபாட்டின் இயல்பான அமைப்பில் ஒரு படிக்கு, அதாவது மாடல் ஒருமுறை தன்னைத் திருத்திக்கொள்வதற்கு, 8 மாதிரிகள், மொத்தம் 1,00,000 படிகள். நமது 18,000 சட்டங்களுக்கு இது முழு டேட்டாவையும் ஏறக்குறைய 44 தடவை சுற்றிவருவது. நினைவகம் போதவில்லை என்று நின்றால் 8-ஐ 4 ஆக்குங்கள். கூகுள் கோலாப் போன்ற வாடகை ஜிபியுவிலும் ஓட்டலாம்; இடையில் இணைப்பு அறுந்தால் தொடரும் வகையில் செக்பாயின்ட்டுகளை (பழகும் வழியில் சேமிக்கப்படும் மாடல் நகல்களை) உடனுக்குடன் வெளியே பிரதி எடுங்கள்.

பழக்கும்போது திரையில் வரும் பிழை எண் (லாஸ்) இறங்குவதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அது பதிவிலுள்ள அசைவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை மட்டும் சொல்லும். பெட்டி கிண்ணத்தில் விழுமா என்பதைச் சொல்லாது. 40,000, 60,000, 80,000, 1,00,000 படிகளின் செக்பாயின்ட்டுகளை வைத்துக்கொண்டு ரோபோவிலேயே ஓட்டிப் பார்ப்பதுதான் வழி.

படங்களின் வெளிச்சத்தையும் நிறத்தையும் லேசாகக் கலைத்துப் பழக்கும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்தலாம். படத்தை இடவலமாகத் திருப்பிப் போடும் வசதியை மட்டும் தொடவே கூடாது. படம் திரும்பும், மூட்டுகளின் எண்கள் திரும்பாது. பெட்டி இடப்பக்கம் இருக்கும்போது வலப்பக்கம் போகக் கற்றுக்கொடுத்தவர்கள் ஆவீர்கள்.

ஏசிடியில் ஒரு வேலை தேறிய பிறகு ஸ்மோல்விஎல்ஏவுக்குப் போகலாம். 45 கோடி பாராமீட்டர், எழுத்து வடிவக் கட்டளையையும் சேர்த்துப் புரிந்துகொள்ளும். 20,000 படிகளுக்கு ஒரு ஏ100 ஜிபியுவில் சுமார் 4 மணி நேரம். கட்டளையைத் தமிழில் கொடுக்கலாமா? ஒரே வேலைக்குப் பழக்கும்போது எந்த எழுத்தைக் கொடுத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. பல வேலைகளுக்குப் பழக்கும்போது மட்டும் ஆங்கிலத்திலேயே கொடுங்கள். இதன் அடியில் இருக்கும் மொழி மாடல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வளர்ந்தது. கட்டளைக்கு 48 டோக்கன் (சொல்துண்டு) தான் இடம். தமிழ் எழுத்துகளை அது துண்டு துண்டாக உடைப்பதால் ஒரு சாதாரண வாக்கியமே 48-ஐத் தாண்டிவிடும் வாய்ப்பு அதிகம். வெட்டுப்படுவது வாக்கியத்தின் வால், தமிழில் வினைச்சொல் இருக்கும் இடமும் அதுதான். "எடு" என்றும் "தள்ளு" என்றும் முடியும் இரண்டு கட்டளைகள் மாடலுக்கு ஒன்றாகிவிடும்.

330 கோடி பாராமீட்டர் உள்ள பை-ஸீரோவை, மாடலோடு சேர்க்கும் சிறு பகுதியை மட்டும் பழக்கும் லோரா முறையில் பழக்கவே 22.5 ஜிபிக்கு மேல் ஜிபியு நினைவகம் வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4090 வைத்திருப்பவர்கள் முயலலாம். தீப்பெட்டிக்கு அது தேவையே இல்லை.

ஓட்டிப் பார்த்தல்

முதல் ஓட்டத்தில் உங்கள் ஒரு கை பவர் ஸ்விட்சின் மேல் இருக்கட்டும், முகம் ரோபோ கை எட்டும் தூரத்துக்கு வெளியே இருக்கட்டும். ஒரே படியில் மூட்டு எவ்வளவு நகரலாம் என்று வரம்பு வைக்கும் அமைப்பு லெரோபாட்டில் உண்டு. தொடக்கத்தில் அதைச் சிறியதாக வையுங்கள்.

அடுத்து ஒரு கணக்கு. ஏசிடி 100 அசைவுகளை ஊகித்து, இயல்பாக 100-ஐயும் ஓட்டி முடித்த பிறகே மறுபடி கேமராவைப் பார்க்கும். அலோஹா 50 ஹெர்ட்ஸில் ஓடியதால் அங்கே அது 2 விநாடி. நாம் 30-இல் ஓட்டுவதால் 3.3 விநாடி. அத்தனை நேரமும் கை கண்ணை மூடிக்கொண்டு போகிறது. இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள். ஊகித்ததில் முதல் 20 அல்லது 30 அசைவை மட்டும் ஓட்டிவிட்டு மறுபடி ஊகிக்கச் சொல்லலாம். கற்றைகள் சேருமிடத்தில் சின்னக் குலுக்கல் வரும். அல்லது டெம்போரல் என்செம்பிள் முறையைக் குணகம் 0.01 உடன் இயக்கலாம்: ஒவ்வோர் அசைவுக்கும் புதிதாக ஊகித்து, முந்தைய ஊகங்களோடு கலந்து ஓட்டும். அசைவு வழவழப்பாக வரும், ஆனால் ஜிபியு ஒவ்வொரு 33 மில்லிவிநாடிக்குள்ளும் பதில் தர வேண்டும். ஏசிடிக்கு அது முடியும். பெரிய மாடல்களுக்கு முடியாது. அவற்றுக்கு, கை பழைய கற்றையை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை வேறு கம்ப்யூட்டர் ஊகிக்கும் அசின்க் முறைதான் பொருத்தம்.

எங்கே பிசகுகிறது என்று கண்டுபிடிப்பது

பெட்டி எங்கே இருந்தாலும் கை ஒரே இடத்துக்குப் போகிறதா? மாடல் படத்தைப் பார்க்கவில்லை. கேமராக்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பதிவுகளில் இடவேறுபாடு போதவில்லை.

பெட்டியை நோக்கிச் சரியாகப் போய் ஒரு செ.மீ. தள்ளியே விரலை மூடுகிறது என்றால் கேமரா ஸ்டாண்ட் அசைந்திருக்கும். பழைய பதிவின் ஒரு படத்தையும் இன்றைய படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். பிடித்து நழுவவிட்டால் லீடரின் அழுத்தம். மேலே வந்து உறைந்தால் பதிவிலுள்ள நிறுத்தங்கள். இரண்டுக்கும் மருந்து புதிய பதிவுகள்தான், அமைப்புகளை மாற்றுவதில் பயனில்லை.

கை நடுங்கினால் அது மாடலாக இல்லாமல் மோட்டாராக இருக்கலாம். எஸ்டிஎஸ்3215-இன் பி குணகம் (நிலை விலகினால் மோட்டார் எவ்வளவு தீவிரமாகத் திருத்தும் என்ற எண்) கம்பெனியிலிருந்து 32 என்று வரும். லெரோபாட் நடுக்கத்தைத் தவிர்க்க 16-ஆக இறக்கித்தான் ஓட்டுகிறது. வேறு மென்பொருளில் மோட்டாரைத் தொட்டிருந்தால் அந்த எண்ணைப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடிப்பான் செத்துப்போனால், நெடுநேரம் இறுக்கிப் பிடித்துச் சூடேறியிருக்கும், அல்லது பாதுகாப்புக்காக மோட்டாரே விசையை அறுத்திருக்கும். அணைத்து ஆறவிட்டு, பிடிப்பானின் விசை வரம்பு உச்சத்தில் பாதிக்கு மேல் இல்லாதபடி பாருங்கள்.

மாலையில் ஓடிய மாடல் காலையில் ஓடவில்லை என்றால் ஜன்னல். திரையை இழுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

எண்ணிப் பார்த்தல், டேட்டாவை வளர்த்தல்

"நன்றாக ஓடுகிறது" என்பது அளவு அல்ல. குறித்த ஐந்து இடங்களில் நான்கு முறை வீதம் 20 ஓட்டம் விடுங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நான்கு கேள்வி: பெட்டியை எட்டியதா, பிடித்ததா, தூக்கியதா, கிண்ணத்தில் போட்டதா? எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று தெரிந்தால்தான் என்ன பதிவு எடுப்பது என்று தெரியும். 20-க்கு 16 வந்தால் உண்மையான தேர்ச்சி 58 முதல் 92 சதவீதத்துக்குள் எங்கேயும் இருக்கலாம். ஆகவே ஒரு செக்பாயின்ட்டில் 14-ம் மற்றதில் 16-ம் வந்தால் இரண்டாவது சிறந்தது என்று முடிவு கட்டாதீர்கள்.

அதற்குப் பிறகு குறிக்காத இடங்களில் 10 ஓட்டம். இங்கே எண்ணிக்கை மளமளவென்று சரியும், அது இயல்பு. சரிந்த இடங்களில் 10, 10 பதிவாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். இந்தச் சுற்றில் ஒரு புது வகைப் பதிவும் வேண்டும்: கையை வேண்டுமென்றே தவறான நிலையில், அதாவது பெட்டிக்கு இரண்டு செ.மீ. பக்கவாட்டில் இறக்கிவைத்துவிட்டு, அங்கிருந்து பதிவைத் தொடங்கிச் சரிசெய்து எடுத்துக் காட்டுவது. முதல் 50 பதிவிலும் நீங்கள் தவறவே இல்லை, அதனால் தவறினால் என்ன செய்வது என்று மாடலுக்குத் தெரியாது. தவறும் அசைவு பதிவுக்குள் வரக்கூடாது, திருத்தும் அசைவு மட்டும் வர வேண்டும்.

டேட்டா கூடியதும் பழைய மாடலைத் தொடராமல் முழு டேட்டாவோடு ஆரம்பத்திலிருந்து பழக்குங்கள். எண்களைச் சீராக்கப் பயன்படும் சராசரியும் விலகலும் புதிய பதிவுகளால் மாறியிருக்கும். மாடலின் பழைய பாராமீட்டர்கள் பழைய கணக்கில் கற்றவை. ஒவ்வொரு மாடலையும் சேமிக்கும்போது அதே ஃபோல்டரில் காலிபரேஷன் ஃபைல், இரண்டு கேமராவிலிருந்தும் ஒவ்வொரு படம், எக்ஸ்போஷர் எண், 20 ஓட்டத்தின் மதிப்பெண் தாள் ஆகியவற்றையும் போட்டு வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே மாடலை மறுபடி ஓட்ட வேண்டி வரும்போது, கேமராவை அந்தப் படத்தோடு ஒப்பிட்டு நிறுத்தினால் போதும்.